வானில் இறந்தவர்களின் பெயர்கள்: பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் படையினர் நினைவுகூரப்பட்ட வரலாறு

முன்னுரை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தனர். 8,403 பேர் காயமடைந்தனர். 9,838 பேர் போர்க்கைதிகளாயினர். பறக்கப் போனவர்களில் நூற்றுக்கு 44 பேர் உயிருடன் திரும்பவில்லை. அவர்கள் அனைவரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். இறந்தவர்களின் சராசரி வயது 23.

இத்தனை பெரிய இழப்புக்கு லண்டன் மாநகரில் தனி நினைவகம் எழுந்தது 2012ஆம் ஆண்டில்தான். போர் முடிந்து 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தத் தாமதத்துக்கு அரசின் மறதியைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் கண்டெடுத்துக் கல்லில் பொறிக்க அதே அரசு 1940களில் மேற்கொண்ட முயற்சி மிகப் பெரிது. ஒரு கையால் பெயரைக் காத்து, மறு கையால் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் ஈடுபட்ட போரைப் பற்றிப் பேசாமல் ஒதுக்கிவைத்த முரண்பாடுதான் இந்த ஆய்வின் பொருள்.

குண்டுவீச்சு விமானத்தில் மாண்ட வீரரின் நினைவு நான்கு கட்டங்களில் உருக்கொண்டது: போர்க்காலத் தந்தியும் கோப்பும், போருக்குப் பிந்தைய தேடலும் கல்லறையும், நீண்ட மௌனம், பிற்கால மீட்பு. தனித்தனிப் பெயராக வீரர்களைக் காக்கும் மரபு முதல் இரண்டு கட்டங்களிலேயே வேரூன்றியதால்தான் மூன்றாம் கட்டத்தின் மௌனத்தை அந்த நினைவு தாண்டி வந்தது என்பதும், குண்டுக்கு இரையானவர்களின் துயருக்கும் இடம்தந்த பிறகே அது முழுமை பெற்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இழப்பின் தன்மை

பாம்பர் கமாண்ட் 1936 ஜூலை 14 அன்று உருவாக்கப்பட்டது. போரின் பிற்பகுதியில் அதன் முதன்மை விமானமாக இருந்தது நான்கு எஞ்சின் கொண்ட லங்காஸ்டர். அதில் ஏழு பேர் பறந்தனர்: விமானி, விமானப் பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு குறிபார்ப்பவர், வானொலி இயக்குபவர், நடுமேல் துப்பாக்கி வீரர், வால் துப்பாக்கி வீரர். முதல் சுற்றுப் பணிக்கு 30 தாக்குதல் பயணங்கள் என்பது வழக்கம். அதை முடித்தவர்கள் சில மாதங்கள் பயிற்சிப் பிரிவில் இருந்துவிட்டு இரண்டாம் சுற்றுக்குத் திரும்ப நேரிடலாம்.

இழப்பு பெரும்பாலும் இரவில், எதிரி நாட்டின் மீது அல்லது கடலின் மீது, நேர்ந்தது. 1944 மார்ச் 30–31 இரவில் நியூரம்பர்க் நகரைத் தாக்கப் புறப்பட்ட 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. பாம்பர் கமாண்ட் ஒரே இரவில் கண்ட மிகப் பெரிய இழப்பு அது. எதிரியைக் காணும் முன்பே இறந்தவர்களும் உண்டு. பயிற்சியின்போது நேர்ந்த விபத்துகள் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன.

காலாட்படை வீரர் விழுந்தால் பக்கத்தில் நின்ற தோழர் அதைப் பார்த்திருப்பார். குண்டுவீச்சு விமானம் விழும்போதோ, அதைப் பார்த்திருக்கக்கூடிய ஏழு பேரும் பெரும்பாலும் சேர்ந்தே மாண்டனர். பக்கத்தில் பறந்த விமானத்தினர் கண்டது தொலைவில் ஒரு தீப்பிழம்பை மட்டுமே. அது யாருடைய விமானம் என்று அவர்களால் சொல்ல முடியாது. குறுகலான தப்பு வழிகள் கொண்ட லங்காஸ்டரிலிருந்து உயிருடன் வெளியேறியவர்களின் விகிதம், அதே படையின் மற்றொரு குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸைவிடக் குறைவு. உடலும் இல்லை, சாட்சியும் இல்லை, இடமும் தெரியாது. பின்னால் வந்த ஒவ்வொரு நினைவு முயற்சியும் இந்த மூன்று இன்மைகளோடும் போராட வேண்டியிருந்தது.

தந்தியும் கோப்பும்

விமானம் விடியும்வரை திரும்பாவிட்டால், அன்றே குடும்பத்துக்குத் தந்தி போகும். மகன் காணவில்லை என்பதற்கு மேல் அதில் அதிகம் இராது. அடுத்து, ஸ்குவாட்ரன் எனப்படும் விமானப் பிரிவின் தலைவரிடமிருந்து கடிதம் வரும். வீரரின் உடைமைகளைக் கணக்கெடுத்துக் குடும்பத்துக்கு அனுப்பத் தனி ஏற்பாடு இருந்தது.

இதற்குப் பிறகு காத்திருப்பு. ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் நிலத்தில் விழுந்த விமானங்களில் கிடைத்த உடல்களைப் பெரும்பாலும் உள்ளூர் மயானங்களில் அடக்கம் செய்தனர். கிடைத்த பெயர்களை ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக லண்டனுக்குத் தெரிவித்தனர். அந்தப் பட்டியல்களில் பெயர்கள் சிதைந்திருக்கும். ஒரே விமானத்தில் மூவருக்குப் பெயரும் நால்வருக்கு அடையாளமின்மையும் இருக்கும். ஆறு மாதங்கள் செய்தி ஏதும் வராவிட்டால் அலுவல் நடைமுறைக்காக இறந்தவராகக் கருதுவது வழக்கம். ஓய்வூதியம், உயில் போன்றவற்றுக்கு அந்த அறிவிப்பு தேவைப்பட்டது. எந்தத் தாய்க்கும் அது போதுமானதாக இருந்ததில்லை.

விமான அமைச்சகத்தின் இழப்புப் பிரிவு ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு வைத்திருந்தது. செஞ்சிலுவைத் தகவல், தப்பித்து வந்தவர்களின் வாக்குமூலம், எதிர்ப்பியக்கத்தினர் அனுப்பிய செய்தி, குடும்பத்தினரின் கடிதங்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. போரை நடத்துவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தது சிறு செயல் அல்ல. நினைவகங்கள் அனைத்துக்கும் அடித்தளம் இந்தக் கோப்புகளே.

தேடல்: 1944–1949

காணாமற்போன விமானப்படையினர் பற்றி ஆராய அமைச்சகத்துக்குள் ஒரு சிறு பிரிவு போர் நடக்கும்போதே இயங்கியது. நேசப்படைகள் பிரான்சில் முன்னேறிய பின், 1944 டிசம்பரில், களத்துக்கே சென்று தேடும் சேவை ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபோது விமானப்படை முழுவதிலுமாக 40,000க்கும் மேற்பட்டோர் எங்கே போனார்கள் என்று தெரியாத நிலை.

தேடும் அதிகாரிகளில் பலர் முன்பு தாமே பறந்தவர்கள். அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். நகராட்சி அலுவலகத்தின் மரணப் பதிவேட்டைப் பார்ப்பார்கள். பாதிரியாரையும் குழிவெட்டுபவரையும் விசாரிப்பார்கள். விமானம் விழுந்த வயலின் சொந்தக்காரரைத் தேடிப்பிடிப்பார்கள். அந்த விவசாயிக்கு நாளும் நேரமும் நினைவிருக்கும். அவர் வீட்டுக் கொட்டகையில் எஞ்சினின் ஒரு துண்டு கிடக்கும். அதிலுள்ள வரிசை எண் விமானத்தைக் காட்டிக்கொடுக்கும். விமானம் தெரிந்தால் ஏழு பெயர்களும் தெரிந்துவிடும்.

அடுத்தது, எந்த உடல் யாருடையது என்ற கேள்வி. பிரிட்டிஷ் வீரர்கள் அணிந்த அடையாளத் தகடுகள் அழுத்தப்பட்ட நார்ப்பொருளால் ஆனவை. நெருப்பிலும் ஈரமண்ணிலும் அவை நிலைப்பதில்லை. ஆகவே சட்டையில் சலவைக்காரர் இட்ட குறி, மோதிரம், பல் அமைப்பு, சீருடையில் தைத்திருந்த பணிச்சின்னம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு ஆராய்ந்தனர். புதைகுழிகளைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. தன் வயதையொத்த இளைஞர்களின் எச்சங்களை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்த்து, வீட்டாருக்கு உண்மையான ஒரு பதிலைத் தருவதற்காக அந்த வேலையைச் செய்தவர்களை வரலாறு போதிய அளவு பாராட்டவில்லை.

1949இல் தேடல் சேவை தன் பணியை நிறைவுசெய்தபோது, காணாமற்போனவர்களில் 20,000க்கும் மேற்பட்டோருக்கு அறியப்பட்ட கல்லறை கிடைத்திருந்தது. கடலில் மாண்டவர்கள் என்று பல்லாயிரவர் உறுதிசெய்யப்பட்டனர். எஞ்சியவர்களுக்கு மண்ணில் இடம் இல்லை. பெயருக்கு மட்டும் ஓர் இடம் தேவைப்பட்டது.

கல்லறையும் ரனிமீடும்

இறந்த வீரர்களை எப்படி நினைவுகூர்வது என்பதற்கான விதிகள் முதல் உலகப் போரிலேயே வகுக்கப்பட்டிருந்தன. ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917 மே மாதம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் தோன்றியது. 1960 முதல் அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை. பதவியோ செல்வமோ பாராமல் எல்லோருக்கும் ஒரே வடிவக் கல். கல்லறை இல்லாதவருக்கு ஒரு நினைவுச்சின்னத்தில் பெயர். இவை அதன் கொள்கைகள். உடலைக் கொண்டுவர முடிந்த செல்வந்தர் கொண்டுவர, ஏழையின் மகன் மட்டும் அந்நிய மண்ணில் கிடக்கக் கூடாது என்ற நீதி இதற்குள் இருந்தது. அமெரிக்காவோ குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்டது. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் உடல்கள் வீடு திரும்பின.

ஜெர்மனியில் சிதறிக் கிடந்த புதைகுழிகளிலிருந்து விமானப்படையினரின் உடல்கள் பெரிய மயானங்களுக்கு மாற்றப்பட்டன. க்ளேவ நகருக்கு அருகிலுள்ள ரைக்ஸ்வால்ட் காட்டு மயானத்தில் அடங்கிய 7,500க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 4,000 பேர் விமானப்படையினர். பெர்லின் போர் மயானத்திலும், பவேரியாவின் டூர்ன்பாக் மயானத்திலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களே. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளில் பலரை அவர்கள் விழுந்த ஊரின் மயானத்திலேயே விட்டுவைத்தனர். ஒரே விமானத்தில் இறந்தவர்களைப் பிரித்தறிய முடியாதபோது கற்கள் இடைவெளியில்லாமல் தோளோடு தோள் ஒட்டி நடப்பட்டன. குண்டுவீச்சுப் படையினரின் கல்லறை என்று தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும் அமைப்பு அது.

கல்லறையே இல்லாதவர்களுக்காக எழுந்தது ரனிமீட் நினைவகம். தேம்ஸ் ஆற்றைப் பார்த்தபடி கூப்பர்ஸ் குன்றின் மேல் எட்வர்டு மோஃப் வடிவமைத்த அந்த நினைவகத்தை 1953 அக்டோபர் 17 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து, அறியப்பட்ட கல்லறை இல்லாமல் மாண்ட 20,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் அங்கே உள்ளன. முற்றத்தைச் சுற்றிய சுவர்களில், குறுகிய சாளரங்களின் பக்கச் சுவர்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதால், வெளிச்சம் விழும்போதுதான் அவற்றை நன்கு படிக்க முடியும். பார்க்க வருபவர் தேடுவது கூட்டத்தை அல்ல, ஒரு பெயரை. கட்டட அமைப்பே அதற்கு ஏற்றதாக இருக்கிறது.

மெட்ராஸ், சிலோன் பெயர் தாங்கிய பிரிவுகள்

இந்த வரலாற்றில் தமிழ் நிலங்களின் பெயர்களும் கலந்திருக்கின்றன. போருக்கு நிதி வழங்கிய நாடுகள், மாகாணங்களின் பெயர்களை ஸ்குவாட்ரன்களுக்குச் சூட்டும் வழக்கம் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தது. பாம்பர் கமாண்டின் 35ஆம் ஸ்குவாட்ரன் மெட்ராஸ் மாகாணத்தின் பெயரையும், 102ஆம் ஸ்குவாட்ரன் இலங்கையின் பெயரையும், 97ஆம் ஸ்குவாட்ரன் மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்களின் பெயரையும் தாங்கின. ஹாலிஃபாக்ஸ் விமானத்தை முதன்முதலில் பெற்றது மெட்ராஸ் பெயர் தாங்கிய 35ஆம் ஸ்குவாட்ரனே. 1942 ஆகஸ்டில் இலக்கைக் குறித்துக் காட்டும் முன்னோடிப் படை அமைந்தபோது அதிலும் அது முதல் பிரிவுகளுள் ஒன்றாகச் சேர்ந்தது. யார்க்‌ஷயரின் பாக்லிங்டனிலிருந்து பறந்த இலங்கைப் பிரிவு, பாம்பர் கமாண்டில் மிக அதிக இழப்பைக் கண்ட பிரிவுகளில் ஒன்று.

அந்தப் பெயர்கள் காலனி ஆட்சிக் காலத்தின் நிதி திரட்டலிலிருந்து வந்தவை. அந்த விமானங்களில் பறந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இளைஞர்கள். எனினும் சென்னையின் பெயரையும் இலங்கையின் பெயரையும் சுமந்து ஐரோப்பிய இரவில் எரிந்து விழுந்த அந்த விமானங்களின் கதை இங்கே அநேகமாக யாருக்கும் தெரியாமலிருப்பது நம் போர் வரலாற்று எழுத்தின் ஒரு குறை.

கிழக்குப் போர்க்களத்தின் நினைவு முறையும் இதே விதியைப் பின்பற்றியது. காங்கேசன்துறையிலிருந்தும் மின்னேரியாவிலிருந்தும் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் விமானங்கள் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தன. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும், சுற்றியுள்ள கடல்களிலும் மறைந்து கல்லறையின்றிப் போன காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில், 24,000 பெயர்களுக்கு நடுவே உள்ளன. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர் மயானம் 1952இல் உருவானது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் நிலையாகப் பராமரிக்க முடியாத பல மயானங்களிலிருந்து கல்லறைகள் அங்கே மாற்றப்பட்டன.

சாட்சி இருந்த ஒரு மரணம்: ஆண்ட்ரூ மைனார்ஸ்கி

சாட்சி இருந்தால் நினைவு எப்படி வளர்கிறது என்பதை ஒரே ஒரு வீரரின் வழியாகக் காணலாம். ஆண்ட்ரூ மைனார்ஸ்கி 1916 அக்டோபர் 14 அன்று கனடாவின் வினிபெக் நகரில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். கனடிய விமானப்படையின் 419ஆம் ஸ்குவாட்ரனில் லங்காஸ்டரின் நடுமேல் துப்பாக்கி வீரர்.

1944 ஜூன் 12–13 இரவில், பிரான்சின் காம்ப்ரே ரயில் நிலையப் பகுதியைத் தாக்கச் சென்ற அவர்களின் விமானத்தை ஜெர்மானிய இரவுப் போர் விமானம் சுட்டது. இடது எஞ்சின்கள் இரண்டும் பழுதடைந்து தீப்பிடித்தன. வெளியேறும்படி விமானி ஆணையிட்டார். தப்பு வழியை அடைந்த மைனார்ஸ்கி, வால் துப்பாக்கி வீரரான பாட் பிராஃபி தன் கூண்டுக்குள் சிக்கியிருப்பதைக் கண்டார். கூண்டைச் சுழற்றும் இயந்திர அமைப்பு செயலிழந்துவிட்டது. மைனார்ஸ்கி தீயினூடே ஊர்ந்துபோனார். கோடரியாலும் வெறும் கையாலும் கூண்டைத் திறக்க முயன்றார். உடை எரியத் தொடங்கியது. இனிப் பயனில்லை, போய்விடு என்று பிராஃபி சைகை காட்டினார். மைனார்ஸ்கி பின்வாங்கி, நெருப்புக்கு நடுவில் நிமிர்ந்து நின்று தோழனுக்கு ராணுவ வணக்கம் செலுத்திவிட்டுக் குதித்தார். பாராசூட்டும் உடையும் எரிந்துகொண்டிருந்தன. பிரெஞ்சு மக்கள் அவரைக் கண்டெடுத்தனர். தீக்காயங்களால் அவர் இறந்தார்.

விமானம் தரையில் மோதியபோது கூண்டிலிருந்து தூக்கியெறியப்பட்ட பிராஃபி உயிர் பிழைத்தார். பிரெஞ்சு மக்களின் உதவியால் மறைந்திருந்து இங்கிலாந்து திரும்பிய பின்னரே மைனார்ஸ்கியின் செயல் வெளியே தெரிந்தது. 1946 அக்டோபரில் பிரிட்டிஷ் பேரரசின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் உடல் மெரிகூர் என்ற பிரெஞ்சுச் சிற்றூரின் மயானத்தில் இருக்கிறது. வினிபெக்கில் ஒரு பள்ளி அவர் பெயர் தாங்குகிறது. ஒன்டாரியோவின் ஹாமில்டனில் இன்றும் பறக்கும் நிலையிலுள்ள லங்காஸ்டர் அவர் நினைவுக்கே அர்ப்பணிக்கப்பட்டது. அவர் கடைசியாகப் புறப்பட்ட இங்கிலாந்து விமானத்தளம் இருந்த இடத்தில் 2005இல் அவருக்குச் சிலை எழுந்தது.

பிராஃபி இறந்திருந்தால் மைனார்ஸ்கி மெரிகூரில் ஒரு கல்லாக மட்டும் இருந்திருப்பார். அவருடைய செயலைப் போன்றவை வேறு எத்தனையோ விமானங்களில் நடந்திருக்க வேண்டும்; சொல்ல ஒருவர் பிழைக்காததால் அவை நம்மை வந்தடையவில்லை. விருது பெற்றவர்களை மட்டும் நினைவுகூர்வது ஏன் நியாயமாகாது என்பதற்கும், எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவில் பொறிப்பது ஏன் சரியானது என்பதற்கும் இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

மௌனத்தின் அரை நூற்றாண்டு

பெயர்கள் கல்லில் ஏறிய அதே ஆண்டுகளில் குண்டுவீச்சுப் போர் பொதுப்பேச்சிலிருந்து விலகியது. காரணம் ஜெர்மானிய நகரங்களில் கிடந்தது. 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் மீது நடந்த தாக்குதல்களில் 30,000க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். 1945 பிப்ரவரி 13–15இல் ட்ரெஸ்டனில் இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று அந்நகரம் அமைத்த வரலாற்றாளர் குழு 2010இல் முடிவுசெய்தது. 1945 மார்ச் 28 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் இத்தகைய தாக்குதல்களின் நோக்கத்தையே கேள்விக்குள்ளாக்கிக் குறிப்பு அனுப்பினார். படைத்தலைவர்களின் எதிர்ப்பால் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்தி எழுதினார். 1945 மே 13 அன்று அவர் ஆற்றிய வெற்றி உரையில் ஜெர்மனி மீதான குண்டுவீச்சுப் போருக்கு இடமில்லை.

பாம்பர் கமாண்டுக்குத் தனிப் போர்ப் பதக்கம் வழங்கப்படவில்லை. கொள்கையை வகுத்தது அமைச்சரவையும் தலைமைத் தளபதிகளும். அதன் தார்மீகச் சுமை மட்டும் விமானத்தில் பறந்தவர்களின் தோளில் இறங்கியது. 1961இல் வெப்ஸ்டர், ஃபிராங்க்லாண்ட் இருவரும் எழுதிய நான்கு தொகுதி அதிகாரபூர்வ வரலாறு குண்டுவீச்சின் பயனை அளவோடு மதிப்பிட்டதால் சர்ச்சை எழுந்தது. பாம்பர் கமாண்டின் தலைவராக இருந்த ஆர்தர் ஹாரிஸுக்கு 1992 மே 31 அன்று லண்டனில் சிலை திறந்தபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. பின்னர் சிலைமீது சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டது. கனடாவில் அதே ஆண்டு ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரும், 2007இல் கனடியப் போர் அருங்காட்சியகத்தின் ஒரு விளக்கப் பலகையும் முன்னாள் வீரர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. பலகையின் வாசகம் மாற்றப்பட்டது.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஒரு சிக்கல் தெளிவாகிறது. தலைவரையும் கொள்கையையும் வீரரையும் ஒரே பொருளாகக் கருதிய இடங்களில் நினைவு விவாதமாக மாறி நின்றுவிட்டது. ஹாரிஸின் சிலையை எதிர்த்தவர்கள் 23 வயது வால் துப்பாக்கி வீரரை வெறுத்தவர்கள் அல்லர். ஆனால் அந்த இளைஞரை மட்டும் தனியாக எண்ணிப்பார்க்க ஓர் இடத்தைப் பொதுவெளி அப்போது தரவில்லை.

கீழிருந்து எழுந்த நினைவு

பொதுவெளி மௌனமாக இருந்த காலத்திலும் சிறிய இடங்களில் நினைவு தொடர்ந்தது. லங்காஸ்டர் தளங்கள் நிறைந்திருந்த லிங்கன்‌ஷயரில், லிங்கன் பேராலயத்தின் விமானப்படையினர் சிற்றாலயத்தில், பாம்பர் கமாண்டின் ஒன்றாம், ஐந்தாம் குழுக்களைச் சேர்ந்த இறந்தவர்களின் பெயரேடுகள் வைக்கப்பட்டன. 1941 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்துபோன லண்டனின் செயின்ட் கிளெமென்ட் டேன்ஸ் ஆலயம் 1958இல் விமானப்படையின் ஆலயமாக மீண்டும் திறக்கப்பட்டது. அதன் நினைவேடுகளில் பெயர்கள் கையெழுத்தில் பதிவாகியுள்ளன. கிழக்கு இங்கிலாந்தின் பழைய ஓடுபாதைகளின் ஓரத்தில் ஸ்குவாட்ரன் சங்கங்கள் கற்களை நட்டன.

நெதர்லாந்தில் நிலமே நினைவைத் திருப்பித் தந்தது. ஐசல் ஏரியின் நீரை வெளியேற்றி விளைநிலம் ஆக்கியபோது, ஏரிக்கடியில் கிடந்த விமானங்கள் வெளிப்பட்டன. டச்சு விமானப்படையின் மீட்பு அதிகாரியான கெரிட் ஸ்வானன்பர்க் அவற்றைத் தோண்டியெடுத்து அடையாளம் காணும் பணியைப் பல ஆண்டுகள் செய்தார். புதிய நிலத்தில் உருவான ட்ரான்டன் ஊரில், மீட்கப்பட்ட லங்காஸ்டரின் விசிறி 1965இல் நினைவுச்சின்னமானது. 2019 முதல் டச்சு அரசு, உடல்கள் உள்ளிருக்கலாம் என்று கருதப்படும் விமானச் சிதைவுகளை மீட்கத் தேசியத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. 2020இல் ஒரு ஸ்டர்லிங் குண்டுவீச்சு விமானம், 2023இல் ஒரு லங்காஸ்டர் என்று ஏரிகளிலிருந்து விமானங்கள் வெளிவந்துள்ளன. தங்கள் விடுதலைக்காக மாண்டவர்கள் என்ற நன்றி அந்த நாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது.

ஆவணப் பணியும் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நடந்தது. கோழிப்பண்ணை வைத்திருந்த மார்ட்டின் மிடில்புரூக், எஞ்சியிருந்த வீரர்களைத் தேடிப் பேசி நியூரம்பர்க் தாக்குதல் பற்றிய நூலை 1973இல் வெளியிட்டார். டபிள்யூ. ஆர். சோர்லி இழந்த ஒவ்வொரு விமானத்தையும் இரவு வாரியாக, அதில் இருந்தவர்களின் பெயர்களோடு, பல தொகுதிகளாகத் தொகுத்தார். இன்று ஒரு பேரன் தன் தாத்தாவின் தம்பியைத் தேடத் தொடங்கினால் முதலில் கைகொடுப்பவை இத்தகைய தொகுப்புகளே. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் 90 தாக்குதல் பயணங்கள் முடித்த ‘ஜி ஃபார் ஜார்ஜ்’ லங்காஸ்டர் நிற்கிறது. 2013 முதல் அங்கே மாலைதோறும் இறந்த வீரர் ஒருவரின் வாழ்க்கை வாசிக்கப்படுகிறது. தனிப் பெயரே நினைவின் அலகு என்ற மரபின் தொடர்ச்சி அது.

எதிரிப் படையினருக்கும் இந்த மரபு மறுக்கப்படவில்லை. இங்கிலாந்தின் கேனக் சேஸ் ஜெர்மானிய மயானம் 1967இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைத் தாக்க வந்து மாண்ட ஜெர்மானிய விமானப்படையினரும், முதல் உலகப் போரில் சுடப்பட்ட நான்கு வான்கப்பல்களின் குழுவினரும் அங்கே உறங்குகின்றனர். லண்டன்மீது குண்டு போட வந்தவர்களுக்கும் இங்கிலாந்து பெயரோடு கல் நட்டது.

லண்டனும் லிங்கனும்

2012 ஜூன் 28 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் பாம்பர் கமாண்ட் நினைவகத்தை இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். நன்கொடைகளால் எழுந்த அதற்குப் பாடகர் ராபின் கிப் முன்னின்று குரல் கொடுத்தவர்; திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு அவர் மறைந்தார். லியாம் ஓ’கானர் வடிவமைத்த மண்டபத்தின் நடுவே, ஃபிலிப் ஜாக்சன் வார்த்த ஏழு வெண்கல வீரர்கள் பயணம் முடித்துத் தரையில் நிற்கின்றனர். யாரும் ஆயுதத்தை உயர்த்தவில்லை.

அந்த மண்டபத்தின் கூரையில் ஒரு வரலாறே இருக்கிறது. 1944 மே 12–13 இரவில் பெல்ஜியத்தில் சதுப்புநிலத்தில் விழுந்த கனடிய ஹாலிஃபாக்ஸ் ஒன்றில் எட்டுப் பேர் இருந்தனர். ஐந்து உடல்கள் அப்போது கிடைத்தன. எஞ்சிய மூவர் விமானத்தோடு சேற்றில் 53 ஆண்டுகள் கிடந்தனர். 1997இல் விமானம் தோண்டியெடுக்கப்பட்டது. மூவரும் தம் தோழர்களோடு அடக்கம் செய்யப்பட்டனர். அந்த விமானத்தின் அலுமினியம் கிரீன் பார்க் மண்டபத்தின் கூரையில் சேர்ந்தது. காணாமற்போனவர்களைத் தேடிய முதல் தலைமுறையின் பணியும், நினைவகம் எழுப்பிய பிந்தைய தலைமுறையின் பணியும் அந்த உலோகத்தில் ஒன்றாகின்றன. குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகமும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. 2013இல், பதக்கம் இல்லை என்ற நீண்டகாலக் குறைக்கு விடையாக, ஏற்கெனவே இருந்த நட்சத்திரப் பதக்கத்தில் அணியும் ‘பாம்பர் கமாண்ட்’ பட்டை வழங்கப்பட்டது.

லிங்கன் நகரின் கேன்விக் குன்றில் 2018இல் திறக்கப்பட்ட சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம் ஒரு படி மேலே சென்றது. அங்குள்ள எஃகுக் கோபுரத்தின் உயரம் 31.09 மீட்டர், லங்காஸ்டரின் சிறகு விரிவும் அதுவே. சுற்றிலும் உள்ள சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள். தரைப்பணியாளர்கள், பெண்கள் துணைப்படையினர் உட்படப் பாம்பர் கமாண்டின் பணியில் இறந்தவர்கள் சேர்ந்ததால் பழைய எண்ணிக்கையைவிட இது கூடுதல். லிங்கன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து உருவாக்கிய ஆவணக் காப்பகத்தில், பறந்தவர்களின் சாட்சியத்தோடு, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் குண்டுக்குக் கீழே இருந்தவர்களின் சாட்சியமும் சேர்க்கப்பட்டுள்ளது. இதே இணக்கத்தை ஜெர்மனியிலும் காணலாம். 2005இல் மீண்டும் திறக்கப்பட்ட ட்ரெஸ்டன் ஃபிராவன்கிர்க்க ஆலயத்தின் உச்சியில் உள்ள பொற்சிலுவையைச் செய்தவர் ஒரு பிரிட்டிஷ் பொற்கொல்லர். அவருடைய தந்தை அந்நகரைத் தாக்கிய விமானங்களில் ஒன்றில் பறந்தவர்.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, குண்டுவீச்சு வீரரின் நினைவு அவருடைய மரணத்தின் தன்மையால் வடிவம் பெற்றது. உடலும் சாட்சியும் இடமும் இல்லாததால் கோப்பு, தேடல், பெயர்ச்சுவர் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. 1944–1949 தேடல் நடக்காமல் போயிருந்தால் பின்னால் வந்த எந்த நினைவகத்துக்கும் உண்மையான அடிப்படை இருந்திராது. போர் முடிந்த உடனேயே, சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே, தேடலைத் தொடங்குவது எந்த நாட்டின் போருக்கும் பொருந்தும் பாடம்.

இரண்டாவது, கொள்கையைப் பற்றிய வழக்கு தீரும்வரை இறந்தவர் காத்திருக்கத் தேவையில்லை. பெயர்களைச் சமமாகப் பொறித்த கல்லறை ஆணையம், 1953இலேயே அந்த உண்மையைச் செயலில் காட்டியது. ஊர்ச் சங்கங்களும் தொகுப்பாளர்களும் குடும்பங்களும் அதைத் தொடர்ந்தனர். அரசுகளின் மௌனத்தைக் கடந்தது இந்த மரபே.

மூன்றாவது, வீரரின் நினைவும் குண்டுக்கு இரையானவர்களின் நினைவும் ஒன்றையொன்று குறைப்பதில்லை. அரை நூற்றாண்டுக் காலம் ஒன்றுக்கு இடம்தந்தால் மற்றதற்கு அநீதி ஆகிவிடும் என்ற அச்சம் நிலவியது. கிரீன் பார்க்கின் வாசகமும் லிங்கனின் காப்பகமும் அந்த அச்சத்தைப் பொய்யாக்கின. ஹாம்பர்க்கில் இறந்த குழந்தையின் பெயரையும், அந்நகரின் மேல் எரிந்து விழுந்த 20 வயது இளைஞரின் பெயரையும் ஒரே ஆவணக்காப்பகம் தாங்க முடியும், தாங்கவும் வேண்டும். போரை மெச்சாமல் வீரரை மதிப்பதும், வீரரை இகழாமல் போரின் கொடுமையைச் சொல்வதும் ஒருங்கே சாத்தியம் என்பதை இந்த எண்பது ஆண்டுகள் நிறுவியிருக்கின்றன. நம் சொந்தப் போர்களில் மாண்டவர்களையும் காணாமற்போனவர்களையும் நினைவுகூர முனையும்போது நாம் தொடங்க வேண்டிய இடமும் இதுதான்: ஒவ்வொருவரையும் தேடுவது, ஒவ்வொரு பெயரையும் எழுதுவது, எந்தத் துயரையும் விலக்காமல் வைப்பது.